மண்பூவுக்கு அடியில்

1

நவம்பர் மாசம் வந்தால் இந்த ஊரில் எல்லார் சட்டையிலும் ஒரு சிவப்புப் பூ முளைத்துவிடும். காகிதப் பூ. பஸ் ஓட்டுகிறவர், மருந்துக் கடைப் பெண், டிவியில் மழை வரும் என்று சொல்கிறவர், எல்லாரும் குத்தியிருப்பார்கள். வந்த புதுசில் ஏதோ கட்சிக்காரர்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போனேன். நம் ஊரில் நாலு பேர் ஒரே மாதிரி சட்டையில் குத்திக்கொண்டு நின்றால் எலெக்‌ஷன் என்றுதானே அர்த்தம்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். மயிலாப்பூரில் பிறந்து, மயிலாப்பூரிலேயே வாழ்க்கைப்பட்டு, வீட்டுக்காரர் போன பிறகு மகள் சுமதியோடு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தேன். எழுதிப் பழக்கம் இல்லை. இதில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்த வேண்டாம். எது என்று படித்தால் தெரியும்.

அந்தப் பூவைப் பற்றி என் பேத்தி ஆதிராவிடம் கேட்டேன். அவளுக்குப் பதினாலு வயசு, தமிழ் பாதிதான் வரும்.

"பாப்பி, பாட்டி."

"எந்தப் பாப்பா?"

"பாப்பா இல்ல! பாப்பி. பூ பேரு."

சுமதி அடுப்படியில் இருந்து, "கசகசாச் செடிதாம்மா அது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தெருவில் ஒரு பையன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது அவன் அம்மா குருமாவுக்கென்று கசகசா கட்டிக் கொடுத்து, அங்கே விமான நிலையத்தில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அபின் செடியின் விதையாம். அந்தச் செடியின் பூவைப் போலீஸ்காரரே இங்கே நெஞ்சில் குத்திக்கொண்டு போகிறார். ஒரு நாட்டில் ஜெயிலுக்கு அனுப்புகிறது இன்னொரு நாட்டில் மரியாதை என்றால், நான் எதை நம்புவது?

2

எங்கள் தெருமுனையில் ஒரு பொது மண்டபம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் வயசானவர்களைக் கூப்பிட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். காசு கிடையாது. அதனாலேயே நான் ரொம்ப நாள் போகவில்லை. சும்மா கூப்பிட்டு டீ கொடுக்கிறவர்கள் மதம் மாறச் சொல்வார்கள், இல்லாவிட்டால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு விசாக்காரர்களிடம் சொல்வார்கள் என்று எனக்கு ஒரு பயம். சுமதிதான் தள்ளிக்கொண்டு போய் விட்டாள்.

அங்கே ஜேனட் என்று ஒரு அம்மா. ஆள் பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. போன வருஷம் கோடை லீவில் ஆதிராவும் என்னோடு வந்திருந்தாள். ஜேனட் ஒரு பெரிய களிமண் கட்டியை மேஜையில் பொத்தென்று போட்டு ஏதோ நீளமாகப் பேசினார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்துகொண்டு ஆதிராவை இடித்தேன்.

"விழுந்த சோல்ஜர்ஸுக்காக, பாட்டி. ஆளுக்கு ஒரு பாப்பி, மண்ணுல செய்யணும்."

"எங்க விழுந்தாங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா... விழுந்தாங்க."

"வழுக்கியா?"

அவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் காதோடு சொன்னாள். "செத்துட்டாங்க பாட்டி. இங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. விழுந்துட்டாங்கன்னுதான் சொல்வாங்க."

ஜேனட் நேராக என்னைப் பார்த்தார். எந்த நாட்டுப் பட்டாளமானாலும் சரி, உங்கள் வீட்டு ஆளுக்குச் செய்யலாம், உங்கள் அண்ணனுக்குச் செய்யுங்கள் என்றார். ஆதிராதான் இதைத் தமிழில் சொன்னாள். என் அண்ணன் பட்டாளத்தில் இருந்தது இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து சுமதியைக் கேட்டேன்.

"நான்தாம்மா சொன்னேன். மாமாவுக்கு ஒரு பூ செஞ்சா இன்னா கொறஞ்சு போகுது?"

"உங்க மாமா செத்தாருன்னு யாருடி உனக்குச் சொன்னது?"

"அம்மா! எழுபத்தொண்ணுச் சண்டைம்மா அது. இன்னும் எங்கயாவது உக்காந்து டீ குடிச்சிக்கினு இருக்காரா?"

சென்னைப் பேச்சு அவளுக்குக் கோபம் வந்தால் மட்டும் வரும். அவளுக்குப் புரியவில்லை. இங்கே ஒரு மண்பூ வைத்தால் அங்கே திருவான்மியூரில் என் அண்ணி தலையில் இருந்து பூவை எடுக்க வேண்டும்.

3

அண்ணன் பேர் மாணிக்கம். இதில் மற்ற பேர்களை எல்லாம் மாற்றி எழுதியிருக்கிறேன், இதை மாற்றினால் கதையே இல்லை. அண்ணியைக் கட்டி, புதுத் தாலிக்கயிறு மஞ்சள் வெளுக்கும் முன்னே லீவு முடிந்து போனார். அந்தக் கார்த்திகையில் மேற்கே பாகிஸ்தானோடு சண்டை. தந்தி வந்தது. எங்கள் தெருவில் இங்கிலீஷ் தெரிந்த ஒரு கணக்குப் பிள்ளை படித்துச் சொன்னார். காணவில்லை என்று போட்டிருக்கிறது என்றார்.

அப்பா திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டார். "காணோம்னுதான போட்டுருக்கு? வேற ஒண்ணும் போடலியே?"

அம்மா யாரிடமும் கேட்கவில்லை. விடிந்ததும் குளித்துவிட்டு அண்ணியையும் என்னையும் இழுத்துக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போய் பூக் கேட்டாள். சாமி தோளில் வைத்த பூ வலது பக்கம் விழுந்தால் நல்லது, இடது பக்கம் விழுந்தால் ஆகாது. அர்ச்சகர் வைத்துவிட்டு ஒதுங்கினார். பூ விழுந்தது. வலது பக்கம்.

"எம்புள்ள இருக்கான்" என்றாள் அம்மா. கூடையில் இருந்த மல்லியை எடுத்து அங்கேயே அண்ணி தலையில் வைத்தாள். "எவ வந்து இன்னா சொன்னாலும் இதை எடுக்காத."

பூ வைத்துவிட்டு ஒதுங்கும்போது அர்ச்சகர் மேல்துண்டு பட்டதா என்று எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம். யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் பட்டாளத்தில் இருந்து வேறு கடிதம் வந்தது, கூடவே தமிழிலும் ஒரு தாள். இறந்ததாகக் கொண்டு பென்ஷன் கொடுக்கிறோம் என்று. அண்ணி கைநாட்டு வைக்கிற ஆள் இல்லை, எட்டாவது படித்தவர்கள். நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, "கொண்டுன்னுதான் போட்டுருக்கான், அவனுக்கே உறுதியில்ல" என்று கையெழுத்துப் போட்டார்கள். அம்மா போனாள், அப்பா போனார். பூவை எடு என்று சொல்ல யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் எடுத்திருக்க மாட்டார்கள்.

பென்ஷன் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு நவம்பரும் உயிரோடு இருப்பதை பாங்கில் போய்க் காட்ட வேண்டும். நான் சென்னையில் இருந்த வரைக்கும் நான்தான் துணை. அண்ணி வீட்டுக்காரர் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்து நினைப்பு. கவுண்டரில் பேரைக் கேட்டால் என் விலாவில் ஒரு இடி விழும், நான் சொல்வேன். என் வீட்டுக்காரர் போன பிறகு ஒரு தடவை, புதுசாக வந்த குமாஸ்தா எங்கள் ரெண்டு பேர் தலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பென்ஷன் வாங்குறது யாருங்கம்மா? நீங்களா, இவங்களா?"

"நான்தான். இன்னாத்துக்கு அப்டிப் பாக்குறீங்க?"

"இல்ல... பூ..."

"பூக்காரி குடுத்தா, வச்சிக்கினேன். பாங்குக்குள்ள பூ வக்கக் கூடாதுன்னு போர்டு எதுனா கீதா?"

குமாஸ்தா முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

4

அப்படியிருந்தும் நான் பூச் செய்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மண் குளுமையாக இருந்தது. எல்லாரும் அவரவர் ஆளை நினைத்துக்கொண்டு பேசாமல் பிசைந்துகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு ஆள் உண்டு என்று தோன்றியது.

சப்பாத்தி மாதிரி தேய்த்து, வட்டமாக வெட்டி, ரெண்டு அடுக்கு. ஒட்டுகிற இடத்தை ஊசியால் கீறி, மண்ணைக் கரைத்த கூழைத் தடவி அழுத்த வேண்டும். ஓரத்தைச் சோமாசிக்கு மடிக்கிற மாதிரி நான் மடித்தேன். ஜேனட் அதைத் தூக்கி எல்லாரிடமும் காட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போட்டோ எடுக்கலாமா என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார். போடவில்லை. போட்டோ எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று எனக்கு என்ன தெரியும்?

பூவின் அடியில் ஆள் பேரை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் இங்கிலீஷில் கீறினார்கள். நான் யோசித்துப் பார்த்துத் தமிழில் கீறினேன். இந்த ஊரில் இதைப் படிக்க ஆளே இல்லை. எழுதின மாதிரியும் ஆச்சு, யாருக்கும் சொல்லாத மாதிரியும் ஆச்சு.

சூளையில் சுட்டு, சிவப்பு மெருகு பூசி, மறுபடி சுட்டு வந்தது. அடிப்பக்கம் மட்டும் மெருகு படாத வெறும் மண். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன், பழைய வீட்டுச் சுவர் வாசம்.

நவம்பரில் எல்லாப் பூவையும் நினைவுத்தூணைச் சுற்றி நட்டுவிட்டு, ஒவ்வொருவரும் தங்கள் ஆள் பேரை மைக்கில் உரக்கச் சொல்ல வேண்டும் என்று கடைசியில்தான் ஜேனட் சொன்னார். சொன்னதும் எல்லாரும் சேர்ந்து ஏதோ சொல்லித் தலை குனிவார்களாம். தமிழில் எழுதி ஒளித்து வைத்ததை வாயால் சொல்லவா? அங்கே ஒருத்தி காலமெல்லாம் அந்தப் பேரைச் சொல்லாமல் காத்து வைத்திருக்கிறாள். நான் இங்கே மைக்கில் சொல்லிச் செத்தவர் கணக்கில் சேர்ப்பதா?

எல்லாரும் டீ எடுக்கப் போன சமயம் பார்த்து என் பூவை எடுத்துச் சால்வையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நான் செய்த பூதான், ஆனாலும் திருடின மாதிரிதான் இருந்தது. வீட்டில் வைத்தால் சுமதி திருப்பிக் கொடுத்துவிடுவாள். குப்பையில் போட மனசு வரவில்லை. பொங்கலுக்குச் சென்னை போகும்போது புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். கடலிலாவது போட்டுவிடலாம் என்று எண்ணம்.

5

அண்ணி திருவான்மியூர் பஸ் டெர்மினஸுக்குப் பின்னால் ரெண்டாவது மாடியில் குடியிருக்கிறார்கள். கூடத்தில் அண்ணன் படம், பட்டாள உடுப்பில். மாலை கிடையாது, பொட்டு கிடையாது. பக்கத்தில் நகைக்கடைக் காலண்டர், அந்தப் பக்கம் அம்மன் படம்.

போன மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அண்ணி பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தார்கள், கால்வலிக்குத் தடவுகிற களிம்பைத் தேடி. கையில் பூ.

"இன்னாடி பத்மா இது? செம்பருத்தியா?"

என் நாக்கு எனக்கு முந்திக்கொண்டது. "ஆமா அண்ணி. அம்மனுக்குன்னு வாங்கினேன்."

"வாடாத செம்பருத்தி! வெள்ளக்காரன் புத்தியே புத்தி. நம்ம பூக்காரி பார்த்தா வயிறெரிவா."

கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்துவிட்டார்கள். அண்ணன் படத்துக்கு ஒரு முழம் தள்ளி.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தினமும் காலையில் பூஜைக்கு முன்னால் அந்தப் பூவைத் துணியால் துடைப்பார்கள். மேல் இதழ், கீழ் இதழ், மடிப்புக்குள் எல்லாம் விரலை விட்டுத் துடைப்பார்கள். அடிப்பக்கம் மட்டும் திருப்ப மாட்டார்கள். அதுதான் எனக்குச் சந்தேகம். ஒரு கிண்ணத்தைத் துடைத்தால்கூட யாரும் கவிழ்த்துப் பார்க்காமல் வைப்பதில்லை. இவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா? தெரியாமல் இருக்கிறார்களா? தெரியாத மாதிரி இருக்கிறார்களா? நான் எடுத்து மறைக்கலாம் என்று கூடத்துக்குப் போனால், "இன்னா தேடுற?" என்று அடுப்படியில் இருந்து குரல் வரும்.

கீழே பூக்காரி வேறு தினமும் கத்துவாள். "யக்கா! லண்டன் அம்மா வந்துகீறாங்க, இன்னமும் ஒரு மொழம்தானா? ரெண்டா வாங்கு!"

"அவ வக்க மாட்டா. எனக்கு ஒண்ணு போதும்" என்று அண்ணி கயிற்றில் கூடையை இறக்குவார்கள். என் வீட்டுக்காரர் போனதில் இருந்து நான் பூ வைப்பதில்லை. அண்ணி கொண்டை ஊசியால் மல்லியைக் குத்திக்கொண்டு கண்ணாடியில் பார்ப்பதை நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பேன்.

தி.நகர் போய் ஆதிராவுக்குப் பாவாடை எடுத்தோம். அவள் போடமாட்டாள் என்று தெரிந்தே எடுத்தோம். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், அண்ணி எனக்குக் காபி கொண்டு வந்து வைத்தார்கள். தட்டில் காபிக்குப் பக்கத்தில் அந்தப் பூ. கவிழ்ந்து.

"இது யாருடி?"

நான் பூவைத் திருப்பி வைக்கக் கையை நீட்டினேன்.

"அம்மனுக்கு வாங்கினேன்னு சொன்ன. அம்மன் பேரா இது?" கையில் எடுத்துத் தூரமாகப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார்கள். "மா... னி... க்... கம். மானிக்கம்."

எழுத்தில் ரெண்டு சுழி. காதுக்கு ரெண்டும் ஒன்றுதான், நம் பேச்சில் யார் பிரித்துச் சொல்கிறோம்? அந்தப் பேரை அண்ணி வாயில் இருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அழுதுவிட்டேன். இங்கிலாந்தில் நடந்தது எல்லாவற்றையும் கொட்டினேன். ஜேனட், விழுந்தவர்கள், மைக், நான் எடுத்துக்கொண்டு வந்தது, எல்லாம்.

"சரி, இன்னாத்துக்கு அழுவுற? இது யாரோ மானிக்கம். ரெண்டு சுழி போட்டுக்கீது பாரு. எனக்குத் தெரிஞ்சவரு மூணு சுழி."

"அண்ணி, நான் தப்பா எழுதிட்டேன். எனக்கு ன எது ண எதுன்னு..."

"உனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தது யாரு? உங்கண்ணன்தான? தம் பேரையா தப்பாச் சொல்லிக் குடுப்பாரு?"

"இல்ல அண்ணி..."

"பாவம், எந்த ஊர் பட்டாளத்தானோ. இவனுக்கும் ஒரு ஆத்தா இருந்துருப்பா. கொண்டுபோய் அங்கயே நட்டுடு. இவனுக்கு நீதான் இருக்க போலக்கீது."

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "அண்ணி, இப்ப நீங்க பேரைச் சொல்லிட்டீங்க."

"எங்க சொன்னேன்? ரெண்டு சுழிக்காரன் பேரைச் சொன்னேன். அது இவருக்குச் சேராது." காபியைக் காட்டினார்கள். "ஆறுது, குடி."

கீழே பூக்காரி கத்தினாள். அண்ணி எழுந்து போய்க் கூடையை இறக்கினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் என் பெட்டியை அவர்களே அடுக்கினார்கள். ஊறுகாய், வடகம், பாவாடை. மண்பூவைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி நடுவில் வைத்தார்கள். யார் வேட்டி என்று நான் கேட்கவில்லை.

6

திரும்பி வந்து கொஞ்ச நாள் பெட்டியைத் திறக்கவில்லை. குளிர், ஜலதோஷம். ஜேனட் ரெண்டு தடவை கதவைத் தட்டி, என் பூவைக் காணோம், அடுத்த நவம்பருக்கு வேறு செய்து தரட்டுமா என்று சுமதியிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். திருட்டுப் போய்விட்டது என்று அவருக்கு வருத்தமாம். அதைக் கேட்டுச் சுமதி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம்தான் பெட்டியைப் பிரித்தேன். வேட்டித் துணியை அவிழ்த்துப் பூ உடையாமல் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். இதழ் எல்லாம் முழுசாக இருந்தது. கவிழ்த்தேன்.

ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஆதிராவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன்.

"ஒன், டூ, த்ரீ. மூணு சுழி, பாட்டி. ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கு, மெலிசா, வெள்ளையா. நீங்க அப்புறமா போட்டதா?"

நான் போட்டது மண் ஈரமாக இருந்தபோது, பல்குச்சியால். இது சுட்ட மண்ணில் கீறினது. சுட்ட மண் லேசில் இடம் கொடுக்காது. இரும்பாக ஏதாவது வேண்டும், கூராக, கைக்கு அடக்கமாக, கொண்டை ஊசி மாதிரி. அண்ணி என்னிடம் யாரோ மானிக்கம் என்று சொல்லிவிட்டு, நான் தூங்கின பிறகோ, பூவுக்குக் கூடை இறக்கின பிறகோ உட்கார்ந்து கீறியிருக்கிறார்கள். மேலே ஒரு கோடு தப்பி ஓடி, மறுபடி இழுத்துச் சுழித்து, பக்கத்துச் சுழியோடு சரியாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

சுமதி பார்த்தாள். என் தோளில் கையை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அண்ணியோடு வீடியோவில் பேசினோம். களிம்பு தீர்ந்துபோச்சு என்றார்கள். திருவான்மியூரில் தண்ணீர் லாரி வரவில்லை என்றார்கள். பூ உடையாமல் வந்ததா என்று அவர்களே கேட்டார்கள்.

"வந்துச்சு அண்ணி. உடையல."

"பாத்தியா?"

"பார்த்தேன்."

"ம்."

அவ்வளவுதான். முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. தலை வாரியிருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது. ஆனால் செல்போன் ஆளை முன்பக்கம் மட்டும்தான் காட்டும். கொண்டை பின்னால் இருக்கிறது. அதில் மல்லி இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "அண்ணி, கொஞ்சம் திரும்புங்க" என்று வாய் வரைக்கும் வந்தது.

"இன்னாடி, ஏதோ சொல்ல வந்த?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. களிம்பு அனுப்பறேன்."